மன்னார் வளைகுடாப் பவளப்பாறைகள்: நீர்த்தரமும் கடலடி வரைபடமும் (கேள்வி பதில்)

கேள்வி (தூத்துக்குடி, முதுகலை மாணவி): கலங்கலை அளக்க எங்கள் துறையில் மின்கருவி இல்லை. செக்கி தட்டு மட்டும் போதுமா, ஐயா?

பதில்: தொடங்குவதற்குப் போதும், அம்மா. 30 செ.மீ. விட்டமுள்ள வெள்ளைத் தட்டை அடையாளமிட்ட கயிற்றில் கட்டி, உச்சிப்பொழுதை ஒட்டிய நேரத்தில், படகின் நிழல் விழும் பக்கமாக இறக்குங்கள். அது கண்ணுக்கு மறையும் ஆழத்தையும், மேலே இழுக்கும்போது மீண்டும் தெரியும் ஆழத்தையும் குறித்துச் சராசரி எடுங்கள். ஆனால் நம் பவளப்பாறைகளில் பல, சில மீட்டர் ஆழத்திலேயே இருப்பதால், தட்டு மறையாமலே தரையைத் தொட்டுவிடும். அந்த ஆழத்தைத் தெளிவின் அளவாக எழுதிவிடாமல், ‘தரை தெரிந்தது’ என்றே பதிவு செய்யுங்கள். பவளத்தின் மீது எவ்வளவு வண்டல் படிகிறது என்பதைத் தட்டு காட்டாது. அதற்கு வாய் திறந்த குழாய்களைப் பாறையருகே நட்டு, சேரும் வண்டலை உலர்த்தி எடை போட வேண்டும். தென்மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களையும் அமைதியான மாதங்களையும் ஒரே சராசரியில் கலந்துவிடாதீர்கள்.

கேள்வி (கீழக்கரை, மீனவர்): செயற்கைக்கோள் படத்திலேயே கடலடி தெரியும் என்கிறார்களே, பிறகு ஏன் ஆட்கள் முக்குளிக்கிறார்கள்?

பதில்: அண்ணே, இலவசமாகக் கிடைக்கும் சென்டினல்-2 படத்தில் ஒரு புள்ளி என்பது 10 மீட்டருக்கு 10 மீட்டர். அந்த ஒரு சதுரத்துக்குள் உயிருள்ள பவளமும், பாசி மூடிய செத்த பவளமும், கடற்புல்லும் சேர்ந்தே இருக்கக்கூடும். மேலிருந்து பார்த்தால் மூன்றும் கருமையாகத்தான் தெரியும். சிவப்பு ஒளியை நீர் முதல் சில மீட்டரிலேயே விழுங்கிவிடுவதால், நீலத்தையும் பச்சையையும் மட்டுமே நம்பிப் படத்தைப் படிக்க வேண்டியுள்ளது. கலங்கிய நாளில் அதுவும் உதவாது. ஆகவே ஜி.பி.எஸ். குறித்த இடங்களில் இறங்கி, 20 மீட்டர் நாடாவை விரித்து, அதன் கீழே எது எத்தனை செ.மீ. இருக்கிறது என்று எழுதுகிறார்கள். அவற்றில் ஒரு பகுதியை வரைபடம் செய்யவும், மறு பகுதியை அதைச் சோதிக்கவும் தனித்தனியே வைக்க வேண்டும்; ஒரே இடங்களை இரண்டுக்கும் பயன்படுத்தினால் துல்லியம் பொய்யாக உயரும். எந்தப் பார் (கடலடிப் பாறைத்திட்டு) எங்கே இருக்கிறது என்று அறிந்த உங்களைக் கேட்காமல் அந்த இடங்களைத் தேர்ந்தெடுப்பது பெரிய பிழை என்பது என் உறுதியான கருத்து.

கேள்வி (இராமநாதபுரம், ஆசிரியர்): பவளம் வெளுப்பதை முன்கூட்டியே அறிய முடியுமா?

பதில்: ஓரளவு முடியும். வெளுப்பு என்பது, நீர் சூடேறும்போது பவளம் தன்னுள் வாழும் நிறமுள்ள நுண்பாசிகளை இழந்து வெண்மையாவது. மிகச் சூடான மாதத்தின் வழக்கமான சராசரியைவிட 1 டிகிரி செல்சியசுக்கு மேல் கூடும் வெப்பத்தை 12 வாரங்களுக்குக் கூட்டிப் பார்க்கிறார்கள். 1 டிகிரி கூடுதல் வெப்பம் ஒரு வாரம் நீடித்தால் அது 1 டிகிரி-வாரம். இந்தக் கூட்டுத்தொகை 4 டிகிரி-வாரத்தை எட்டினால் வெளுப்பையும், 8-ஐ எட்டினால் பரவலான இறப்பையும் எதிர்பார்க்கலாம். 2010-லும் 2016-லும் இங்கே கோடையில்தான் வெளுத்தது. செயற்கைக்கோள் அளப்பது மேற்பரப்பின் வெப்பம் என்பதால், பாறையிலேயே வெப்பமானியைப் பொருத்துவது அவசியம். வெளுத்த பவளம் செத்த பவளம் அன்று. அதே கூட்டத்தைச் சில மாதங்கள் கழித்து மீண்டும் பார்த்த பிறகே இறப்பைக் கணக்கிட வேண்டும்.

கேள்வி (மண்டபம், தன்னார்வலர்): நாங்களே தீவருகே சென்று மாதிரி எடுக்கலாமா?

பதில்: கூடாது. 21 தீவுகளும் 1986-இல் அறிவிக்கப்பட்ட கடல் தேசியப் பூங்காவுக்குள் வருபவை. வனத்துறையின் எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும். உடைந்து கரை ஒதுங்கிய பவளத் துண்டைக்கூட எடுத்து வராதீர்கள்.