1:50,000 வரைபடத்தை ராஸ்டராக்க எத்தனை மீட்டர் செல் வைக்கலாம்?
கேள்வி: டர்பன் பகுதியின் 1:50,000 தாளை 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளிகள்) ஸ்கேன் செய்து நிலப்பயன்பாட்டு எல்லைகளை வரைந்தாயிற்று. ராஸ்டராக (சதுரக் கட்டங்களாலான படமாக) மாற்றும்போது ஒவ்வொரு கட்டத்துக்கும், அதாவது செல்லுக்கும், 5 மீட்டர் பக்க அளவு வைத்தால் துல்லியம் கூடுமா?

கூடாது, கோப்புதான் பெருக்கும்.

300 டிபிஐயில் ஒரு பிக்சல் தரையில் சுமார் 4.2 மீட்டர். அதைப் பார்த்துத்தான் 5 மீட்டர் ஆசை வருகிறது. ஆனால் அச்சுத் தாளில் ஒரு கோடு அரை மில்லிமீட்டர் முன்பின் இருக்கும் என்பது வழக்கமான கணக்கு. இந்த அளவில் அது தரையில் 25 மீட்டர். செல்லால் கூடுதலாக வரும் பிழையோ (செல் அளவு ÷ √12) 25 மீட்டர் செல்லுக்கு 7.2 மீட்டர், 5 மீட்டர் செல்லுக்கு 1.4 மீட்டர். பிழைகளை வர்க்கப்படுத்திக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் மொத்தம் முறையே 26, 25 மீட்டர். ஒரே ஒரு மீட்டர் லாபத்துக்கு 25 மடங்கு செல்கள்! 25 மீட்டரே போதும்.

அதற்காக இன்னும் பெரிதாக்கிவிடாதீர்கள். லேண்ட்சாட் செயற்கைக்கோள் படத்தோடு பொருந்தட்டும் என்று பலர் 30 மீட்டர் வைப்பார்கள். டர்பனுக்கு அருகே டொங்காட் பக்கம் 100 × 200 மீட்டர் கரும்பு வயல் ஒன்று, சரியாக 2 ஹெக்டேர், கட்டங்களுக்கு நேராகவே கிடக்கிறது என்று வையுங்கள். செல்லின் மையம் உள்ளே விழுந்தால்தான் அந்தச் செல் சேரும். கட்டம் தொடங்கும் இடத்தைப் பொறுத்து அகலத்தில் 3 அல்லது 4, நீளத்தில் 6 அல்லது 7 செல்கள் வரும். அதாவது 18 முதல் 28 செல்கள், பரப்பு 1.62 முதல் 2.52 ஹெக்டேர் வரை ஆடும். வயல் அசையவே இல்லை! ஆகவே பரப்பை எப்போதும் வெக்டரிலேயே (வரைந்த எல்லைக் கோடுகளிலேயே) கணக்கிடுங்கள். எல்லா அடுக்குகளுக்கும் கட்டத்தின் தொடக்கப் புள்ளி ஒன்றாகவே இருக்கட்டும்.

உம்லாத்துசானா போன்ற ஒடுங்கிய ஆற்றை இருகரைப் பாலிகனாக (மூடிய வடிவமாக) வரைந்திருந்தால், அகலம் செல்லைவிடக் குறையும் இடங்களில் ஆறு அறுந்துபோகும். கியூஜிஐஎஸ் வரைபட மென்பொருளில் 'ஆல் டச்ட்' முறை (வடிவம் தொட்ட செல்களையெல்லாம் சேர்ப்பது) அதை ஒட்டவைக்கும், ஆனால் ஆற்றை ஊதிப் பெருக்கிவிடும். நடுக்கோட்டைத் தனியாக ராஸ்டராக்குவதே மேல்.

பிறகு செல் அளவை மாற்ற நேர்ந்தால், நிலப்பயன்பாட்டுக்கு 'நியரஸ்ட் நெய்பர்' (மிக அருகிலுள்ள செல்லின் மதிப்பை அப்படியே எடுப்பது) போல, எண்களைச் சராசரியாக்காத முறைதான் சரி. பைலீனியர் முறை வகை எண்களைச் சராசரி போட்டு, இல்லாத வகையை உண்டாக்கும்.

தாள் 1999க்கு முந்தைய கேப் டேட்டத்தில் (டேட்டம் என்பது இட ஆயங்களை அளக்கும் அடிப்படை) இருந்தால், அதற்குப் பின் வந்த ஹார்டபீஸ்ட்ஹூக்94 டேட்டத்துக்கு முறையாக மாற்றுங்கள். பெயரை மட்டும் மாற்றிவைத்தால் ஏறத்தாழ 300 மீட்டர் விலகி நிற்கும். 25 மீட்டர் கட்டத்தில் அது 12 செல்கள்.