கேள்வி – பதில்: சி-க்குப் பின்னால் யார் முதலில்?

கேள்வி: ‘ஐ முதலில், இ அடுத்து, சி-க்குப் பின்னால் மட்டும் தலைகீழ்’ என்று ஆறாவது படிக்கும் என் மகனை ஸ்கூலில் மனப்பாடம் செய்ய வைத்தார்கள். அதை நம்பி ‘சயின்ஸ்’ ஸ்பெல்லிங்கில் சி-க்கு அடுத்து இ, பிறகு ஐ என்று எழுதினான். சிவப்பு மையில் வட்டம் போட்டுவிட்டார்கள். தப்பு யாருடையது?
– வாசகி, வியாசர்பாடி

பதில்: பையன் மேல் தப்பில்லை. விதியில் பாதிதான் அவனிடம் போய்ச் சேர்ந்திருக்கிறது. விட்டுப்போன பாதி இது: அந்த இரண்டு எழுத்தும் சேர்ந்து ‘ஈ’ என்று ஒலித்தால்தான் விதி செல்லும். பிலீவ், ஃபீல்ட் போன்றவற்றில் ஐ முன்னால். ரிசீவ், டிசீவ், சீலிங், நடுவில் ஊமை ‘பி’ வருகிற ரிசீட் எல்லாவற்றிலும் சி-யை ஒட்டி வருவதால் இ முன்னால்.

சயின்ஸில் ‘ஈ’ ஒலியே கிடையாது. ஐ ஒரு அசை, இ வேறொரு அசை. எஃபிஷியன்ட், ஏன்ஷியன்ட் இரண்டிலும் சி-யின் ஒலி ‘ஷ’ ஆகிவிடுகிறது. அங்கேயும் ஐ-தான் முன்னால். எய்ட், வெயிட், நெய்பர் என்று ‘ஏ’ சாயலில் ஒலித்தால் இ முன்னால் வரும்.

தெருமுனை ஃபிளெக்ஸில் ‘சீஃப் கெஸ்ட்’ என்று போடும்போது பலர் கவிழ்வதும் இங்கேதான். சி-யைப் பார்த்ததும் இ-யை முன்னால் தள்ளிவிடுகிறார்கள். சி-க்கும் அந்த ஜோடிக்கும் நடுவில் எச் நிற்கிறதே! சி ஒட்டி நிற்கவில்லை, அதனால் ஐ, இ என்றே வரும்.

இவ்வளவுக்கும் அடங்காதவை உண்டு: புரோட்டீன், காஃபீன், பறிமுதலைக் குறிக்கும் சீஸ். இவற்றில் சி ஒட்டி நிற்காமலே இ முன்னால். ஸ்பீஷீஸில் சி-யை ஒட்டியும் ஐ முன்னால். வேகன்ஸி, பாலிஸி ஆகியவற்றின் பன்மையிலும் அப்படியே. கடைசி ஒய் ஐ-யாக மாறி, இ-எஸ் சேர்வதால் வருவது அது. இவற்றை நோட்டின் கடைசிப் பக்கத்தில் தனியாக எழுதிப் பழகட்டும். இந்த விதியைக் கற்பிப்பதே வீண் என்று 2009இல் இங்கிலாந்து அரசின் ஆசிரியர் கையேடு ஒன்று சொன்னது. அவ்வளவு தூரம் போக வேண்டாம் என்பேன். ஒலி நிபந்தனையோடு சொன்னால் விதி உதவும்.

கேள்வி: ‘கமிங்’ எழுதும்போது என் டியூஷன் பிள்ளைகள் இரண்டு எம் போடுகிறார்கள். ‘ரன்னிங்’கில் இரண்டு என் சரி என்றால் இது ஏன் தப்பு?
– வாசகர், தண்டையார்பேட்டை

பதில்: நம் வாயில் அது ‘கம்மிங்’தானே! கப்பு, பஸ்ஸு என்று மெய்யை அழுத்திச் சொல்லும் பழக்கம் கைக்கும் வந்துவிடுகிறது. காதை விட்டுவிட்டு, மூலச் சொல்லைப் பார்க்கச் சொல்லுங்கள். ‘கம்’ முடிவது இ-யில். இ-யை எடுத்துவிட்டு ஐ-என்-ஜி சேர்த்தால் போதும். ‘ரன்’ ஒரே அசை, ஒரே உயிரெழுத்து, கடைசியில் ஒரே மெய். அதனால் மெய் இரட்டிக்கும். டபிள்யூ, எக்ஸ், ஒய் மூன்றும் இரட்டிக்காது.

இரண்டு அசை என்றால் அழுத்தம் எங்கே விழுகிறது என்று பாருங்கள். பிகின், அக்கர், பிரிஃபர் மூன்றிலும் அழுத்தம் கடைசி அசையில், இரட்டிக்கும். ஓப்பன், விசிட், ஆஃபர் மூன்றிலும் முதல் அசையில், இரட்டிக்காது. ‘பிரிஃபர்ட்’டில் இரண்டு ஆர் வந்தும் ‘பிரெஃபரன்ஸ்’ஸில் ஒன்றே வருவது, அழுத்தம் முன்னால் நகர்ந்துவிடுவதால்தான். டிராவல், கேன்சல் போன்று எல்-லில் முடிகிற சொற்கள் பிரிட்டிஷ் முறையில் அழுத்தத்தை மதிக்காமல் எல்-ஐ இரட்டிக்கும். அமெரிக்காவில் ஒரே எல். செல்போன் சிவப்புக் கோடு போட்டால் கீபோர்டு மொழியை ‘இங்கிலீஷ் (இந்தியா)’ என்று மாற்றிப் பாருங்கள்.

கேள்வி: ஹைகோர்ட் பக்கம் டைப் செய்து வாங்கும் நகல்களில் ‘ஜட்ஜ்மென்ட்’ நடுவில் இ இல்லை. பிழையா?
– வாசகர், ராயபுரம்

பதில்: பிழையில்லை. பொது எழுத்தில் இரண்டும் சரி. தீர்ப்பு என்ற பொருளில் இ இல்லாமல் எழுதுவதே சட்டத் துறை வழக்கம். ‘ஆர்கியுமென்ட்’டுக்கு அந்தச் சலுகை இல்லை. அங்கே நடுவில் இ போட்டால் எந்தக் கணக்கிலும் தப்பு.