போதையிலிருந்து மீண்டு வருபவர்கள் தங்கும் வீடுகளுக்கு அமெரிக்க அரசு பணம் தருவது சரியா?

சரி என்பதே என் பதில். ஆனால் அந்தப் பணம் யார் கைக்குப் போகிறது என்பதைப் பார்க்காமல் ஆதரிக்க மாட்டேன்.

வட கரோலினாவில் எங்கள் தெருவில் ஓர் ஆக்ஸ்போர்டு ஹவுஸ், அதாவது மீண்டு வருபவர்கள் தாங்களே வாடகை கட்டி நடத்தும் வீடு, வரப்போகிறது என்று தெரிந்தபோது, எதிர்ப்பு மனுவில் கையெழுத்திட்டவர்களில் நானும் ஒருவன். குடியையும் ஹெராயினையும் விட்டுச் சில மாதங்களே ஆன எட்டு ஆண்கள், பிள்ளைகள் சைக்கிள் ஓட்டும் தெருவில் ஒரே வீட்டில் தங்குவதா என்று கேட்டேன். சட்டம் எங்கள் பக்கம் இல்லை. உறவினர் அல்லாத ஐந்து பேருக்கு மேல் ஒரு வீட்டில் வசிக்கக் கூடாது என்ற விதியைக் காட்டி வாஷிங்டன் மாநிலத்தின் எட்மண்ட்ஸ் நகரம் இத்தகைய வீடு ஒன்றைத் தடுக்க முயன்றபோது, வீட்டுவசதிப் பாகுபாட்டுத் தடைச் சட்டத்திலிருந்து அந்த விதிக்கு விலக்கு கிடையாது என்று உச்ச நீதிமன்றம் 1995இலேயே தீர்ப்பளித்துவிட்டது.

நான் தொழிலால் கணக்காளன். ஓராண்டு கழித்து, அந்த வீட்டின் பொருளாளர் கணக்கில் ஒரு சந்தேகம் கேட்க என் கதவைத் தட்டினார். அவர்களுடைய சமையலறை மேசையில் உட்கார்ந்து பேரேட்டைப் புரட்டியபோதுதான் இந்த ஏற்பாடு எப்படி நடக்கிறது என்பது எனக்கு விளங்கியது. வாடகை, மின்சாரம், காப்பித்தூள், கழிவறைக் காகிதம் எல்லாவற்றையும் கூட்டித் தலைக்கு இவ்வளவு என்று வாரந்தோறும் வசூலிக்கிறார்கள்; வாரக் கூட்டத்தில் பாக்கிக்காரர் பெயரை வாசிக்கிறார்கள். சம்பளம் வாங்கும் மேற்பார்வையாளர் என்று ஒருவரும் இல்லை. பத்தாண்டுகளாக வங்கிக் கணக்கே இல்லாமல் இருந்த ஒருவர்தான் அந்தப் பேரேட்டைச் சென்ட் பிசகாமல் எழுதி வைத்திருந்தார்.

அதே பேரேட்டின் முதல் பக்கத்தில், திருப்பிக் கட்டும் பணத்தையே மறுபடி கடனாகக் கொடுக்கும் மாநிலச் சுழல்நிதியிலிருந்து வாங்கிய 4,000 டாலர் கடன் இருந்தது. வீட்டுக்கான அட்வான்ஸும் முதல் மாத வாடகையும் அதிலிருந்து போயிருந்தன. அரசிடமிருந்து அந்த வீட்டுக்குள் வந்த பணம் அவ்வளவே.

இந்தக் கடனுக்குப் பின்னால் ஒரு வரலாறு உண்டு. 1975இல் மேரிலாந்தின் சில்வர் ஸ்பிரிங்கில், பணமில்லை என்று மூடப்படவிருந்த ஓர் இல்லத்தில் தங்கியிருந்தவர்களே, பால் மல்லாய் என்பவரின் முன்முயற்சியில், அந்தக் கட்டடத்தை வாடகைக்கு எடுத்து நடத்தத் தொடங்கினார்கள். 1988ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் அந்த முறையைப் பின்பற்றி, ஒவ்வொரு மாநிலமும் 1,00,000 டாலர் சுழல்நிதி அமைத்து, ஆறு பேருக்குக் குறையாத குழுக்களுக்கு 4,000 டாலர் வரை கடன் தர வேண்டும் என்றது. இரண்டு ஆண்டுகளில் திருப்பிக் கட்ட வேண்டும். பின்னாளில் இது மாநிலங்களின் விருப்பத்துக்கு விடப்பட்டது. அது தவறான முடிவு என்பது என் கருத்து.

பலன் உண்டா என்று கேட்பவர்களுக்கு, சிகாகோவின் டிபால் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லெனர்ட் ஜேசன் குழுவினர் 2006இல் வெளியிட்ட ஆய்வைச் சொல்லலாம். சிகிச்சை முடித்து வெளியேறிய 150 பேரில் பாதிப்பேரை இத்தகைய வீடுகளுக்கும் மீதிப்பேரை வழக்கமான பின்தொடர் கவனிப்புக்கும் அனுப்பினார்கள். இரண்டு ஆண்டுகள் கழித்து, வீடுகளுக்குப் போனவர்களில் சுமார் 31 விழுக்காட்டினரும் மற்றவர்களில் சுமார் 65 விழுக்காட்டினரும் மீண்டும் குடியிலோ போதையிலோ இருந்தார்கள்.

பணம் வேறு வழியில் போனால் என்ன ஆகும் என்பதற்கு அரிசோனா மாநிலம் இருக்கிறது. மெடிக்கெய்ட் என்ற, வருமானம் குறைந்தவர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீட்டில் பூர்வகுடியினருக்கென இருந்த திட்டத்தில் சிகிச்சை நிலையங்கள் ஆளுக்கு ஆள் பில் போட முடிந்ததால், நவஹோ பூர்வகுடியினரின் நிலப்பகுதி உள்ளிட்ட இடங்களிலிருந்து ஆட்களை வேன்களில் ஏற்றி வந்து, 'மதுவிலக்கு இல்லம்' என்ற பெயரில் வீடுகளில் அடைத்து, கொடுக்காத சிகிச்சைக்குப் பணம் கறந்தார்கள். 2023 மே மாதம் ஆளுநர் கேட்டி ஹாப்ஸ் இதைப் பகிரங்கமாக அறிவித்து, சந்தேகத்துக்குரிய நிலையங்களுக்கான பணத்தை நிறுத்தியபோது, தங்கியிருந்தவர்களில் பலர் நடுத்தெருவுக்கு வந்தார்கள். அங்கே பேரேடு முதலாளியிடம் இருந்தது. தங்கியவர்கள் அதில் வெறும் பில் எண்கள்.

ஆனாலும் எங்கள் தெரு வீட்டிடம் எனக்கு ஒரு குறை உண்டு. மறுபடி குடித்தவரை உடனே வெளியேற்றுவது அவர்களுடைய மாறாத விதி. ஓர் இரவு பதினொரு மணிக்கு, இரண்டு கறுப்புப் பிளாஸ்டிக் பைகளோடு ஒருவர் வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். அவரை வெளியேற்ற வாக்களித்தவர்களே உள்ளேயிருந்து ஒவ்வொரு மருத்துவ மையமாகத் தொலைபேசியில் அழைத்து, ஒரு படுக்கை கிடைக்குமா என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். 2018ஆம் ஆண்டின் சட்டப்படி மத்திய வீட்டுவசதித் துறை, மீண்டு வருபவர்களை இரண்டு ஆண்டுகள் வரை தங்கவைக்க மாநிலங்களுக்கு மானியம் தருகிறது. அதில் ஒரு பங்கையாவது இப்படி இரவில் வெளியே வந்து நிற்பவருக்கான படுக்கைக்கு ஒதுக்க வேண்டும் என்று எங்கள் மாநில அலுவலகத்துக்கு எழுதியிருக்கிறேன். முன்பு அந்த எதிர்ப்பு மனுவில் கையெழுத்திட்டவன் நான் என்பதையும் கடிதத்தில் குறிப்பிட்டேன்.