ஸ்வெட்டர் நூல் அறுகிறது: செம்மறிக்கு மாட்டுத் தாது உப்பு கொடுக்கலாமா?

கேள்வி: எங்கள் பட்டியில் பதினோரு செம்மறிகள். கத்தரித்த ரோமத்தை வீட்டிலேயே நூற்று ஒரு ஸ்வெட்டர் பின்னினோம். கை 8 சென்டிமீட்டர் நீளமாகிவிட்டது, உடம்பும் அகலம். கையைக் கீழிருந்து பிரிக்கப் பார்த்தால் பிரியவில்லை. தோள்பக்கத்திலிருந்து பிரித்தால் முழத்துக்கு ஓரிடத்தில் நூல் அறுகிறது. ‘ரோமத்தில் சத்தில்லை, மாட்டுக்குப் போடும் தாது உப்பும் ரோம டானிக்கும் கொடுங்கள்’ என்கிறார் தீவனக் கடைக்காரர். கொடுக்கலாமா? ஸ்வெட்டரை வெந்நீரில் போட்டுச் சுருக்கிவிடலாமா?

பதில்: தாது உப்பை வாங்கிவிட்டீர்கள் என்றால், பையைப் பிரிக்காமல் மாடு வைத்திருப்பவர் யாருக்காவது கொடுத்துவிடுங்கள். ஸ்வெட்டருக்குப் பிறகு வருகிறேன்.

மாட்டுக் கலவையில் தாமிரம் தாராளமாக இருக்கும். மாடு அதைத் தாங்கும், வெள்ளாடுகூட ஓரளவு தாங்கும். செம்மறியால் முடியாது. மிஞ்சிய தாமிரத்தை வெளியேற்றத் தெரியாமல் ஈரலில் சேர்த்துக்கொண்டே போகும். வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில், வெளியே எதுவும் தெரியாது. பிறகு ஒரு நாள் மழையோ பயணமோ ஈற்றோ ஆட்டை உலுக்கும்போது, சேர்ந்ததெல்லாம் ஒரேயடியாக இரத்தத்தில் இறங்கும். கண் மஞ்சளாகும், சிறுநீர் காப்பி நிறமாகும், ஓரிரு நாளில் ஆடு போய்விடும். உப்பு போட்ட நாளுக்கும் ஆடு செத்த நாளுக்கும் இத்தனை இடைவெளி இருப்பதால்தான் யாரும் கடைக்காரரைச் சந்தேகிப்பதில்லை. பன்றித் தீவனத்துக்கும் கோழித் தீவனத்துக்கும் இதே எச்சரிக்கைதான். பையில் ‘செம்மறிக்கு’ என்று அச்சிட்டிருந்தால் வாங்குங்கள். ‘எல்லாக் கால்நடைக்கும்’ என்றிருந்தால் வேண்டாம். தாமிரக் குறைவுக்கு வேறு அடையாளம் உண்டு: ரோமத்தின் சுருள் அலை போய்க் கம்பிபோல் நேராகும், கறுப்பு ஆட்டின் ரோமம் வெளிறும். இரண்டும் இல்லாத பட்டிக்குத் தாமிரம் எதற்கு?

டானிக்கைப் பற்றி ஒரு வரி போதும். ரோமம் என்பது கந்தகம் செறிந்த புரதம், அதற்கான மூலப்பொருளைக் கட்டித்தருவது அசைவயிற்று (அசைபோடும் ஆட்டின் முதல் பெரிய வயிறு) நுண்ணுயிர்கள், அவற்றுக்குத் தேவை தீவனம், பாட்டில் அல்ல.

இப்போது ஸ்வெட்டர். வெந்நீர் வேண்டாம். சூடும் சோப்பும் கசக்கலும் சேர்ந்தால் ரோமத்தின் செதில்கள் ஒன்றையொன்று கவ்வி, கெட்டியாக இறுகி நமுடாகிவிடும். எங்கே எவ்வளவு சுருங்கும் என்பது உங்கள் கையில் இல்லை, திரும்பவும் வராது.

பின்னல் முடிந்த பக்கத்திலிருந்துதான் பிரியும். மணிக்கட்டில் தொடங்கி மேலே போன கை கீழிருந்து பிரியாதது அதனால்தான். பிரிக்கவே வேண்டாம், வெட்டுங்கள். முதலில் ஆறிய நீரில் நனைத்து, துண்டில் சுற்றி அமுக்கி, தரையில் விரித்துக் காயவைத்து அளந்துகொள்ளுங்கள். தொங்கவிட்டு எடுத்த அளவு பொய் சொல்லும். 8 சென்டிமீட்டர் குறைக்க வேண்டும், மணிக்கட்டு ரிப் (இழுத்தால் நீளும் வரிப்பின்னல் பட்டை) 6 சென்டிமீட்டர் என்றால், வெட்டும் வரிசை கை நுனியிலிருந்து 14 சென்டிமீட்டர் மேலே. அந்த வரிசைக்கு நேர் மேல் வரிசையில், ஒவ்வொரு கண்ணியின், அதாவது பின்னல் வளையத்தின், வலப்பக்க இழையையும் பிடித்து, மழுங்கிய ஊசியால் வழவழப்பான பருத்தி நூலைச் சுற்றிலும் கோத்துவிடுங்கள். இதைச் சோம்பல்பட்டு விட்டவர்கள்தான் ஓடிப்போன கண்ணிகளைத் துரத்திக்கொண்டிருப்பார்கள். பிறகு வெட்டும் வரிசையில் ஒரே ஒரு கண்ணியைக் கத்தரித்து, அந்த இழையை ஊசி நுனியால் சுற்றிலும் உருவினால் கை இரண்டாகப் பிரியும். கோத்த கண்ணிகளை ஊசிக்கு மாற்றி, கீழ்நோக்கி ரிப் பின்னுங்கள். அந்த இடத்தில் கை அகலமாக இருக்கும். 48 கண்ணி இருந்து 40 வேண்டுமென்றால், நான்கு கண்ணி சாதாவாக, பிறகு இரண்டை ஒன்றாகச் சேர்த்து என்று எட்டுத் தடவை பின்னுங்கள். முடிக்கும் வரிசையைத் தளர்வாக மூடுங்கள், இல்லாவிட்டால் கை நுழையாது. ரிப்புக்குப் பழைய நூல் வேண்டாம், இரண்டு புரியாகப் புதிதாக முறுக்கிக்கொள்ளுங்கள்.

அகலத்தைக் குறைக்க, பக்கவாட்டில் தையல் எந்திரத்தில் நெருக்கமாக இரண்டு வரி தைத்து, வெளிப்பக்கம் ஒரு விரற்கடை விட்டு வெட்டினால் போதும். நாட்டு ரோமம் சொரசொரப்பானது, வெட்டிய ஓரம் எளிதில் அவிழாது.

நீங்கள் கேட்டிருக்க வேண்டியது நூல் ஏன் அறுகிறது என்பதை. அறுந்த முனையைப் பாருங்கள். இழைகள் நீளநீளமாகச் சரிந்து கூம்பியிருந்தால் முறுக்குப் போதவில்லை, ஆட்டின்மேல் பழியில்லை. முனை தூரிகைபோல் குட்டையாக நின்றால் இழையே முறிந்திருக்கிறது. நூற்காத ரோமம் மிச்சமிருந்தால் பென்சில் கனத்துக்கு ஒரு கற்றை எடுத்து, இரு முனையும் பிடித்து, காதருகே வெடுக்கென்று இழுங்கள். ‘டங்’ என்றால் உறுதி. படபடவென்று பொரிந்தால் நடுவில் மெலிந்த இடம் இருக்கிறது.

ஆடு பட்டினி கிடந்தபோதும், காய்ச்சல் கண்டபோதும், ஈன்று பால்கொடுத்தபோதும் வளர்ந்த ரோமம் மெல்லியதாகும். அந்த மெலிவு எப்போதும் வரும், அது கற்றையின் எந்த இடத்தில் விழுகிறது என்பதுதான் கேள்வி. வெட்டிய முனையிலிருந்து மெலிந்த இடம் வரை அளந்து, உங்கள் ஆட்டுக்கு மாதம் எவ்வளவு வளரும் என்பதால் வகுத்தால், கத்தரிப்புக்கு எத்தனை மாதம் முன் ஆடு வாடியது என்று தெரிந்துவிடும். அது ஈன்ற மாதத்தோடு பொருந்தினால், மாற்ற வேண்டியது கத்தரிக்கும் மாதம். ஈனுவதற்கு நான்கிலிருந்து ஆறு வாரம் முன்பு கத்தரியுங்கள். மெலிவு புது ரோமத்தின் நுனியோரம் ஒதுங்கிவிடும், நடுவில் முறியாது. சினையாட்டை நெடுநேரம் மல்லாத்தி வைக்காதீர்கள், இரவு முழுக்கப் பட்டினியும் போடாதீர்கள். குளிர்காற்று, மழைக்கு ஒதுங்கக் கொட்டகை இல்லையென்றால் இந்த முறையே வேண்டாம். ஈனுவதற்கு முந்தைய கடைசி ஆறு வாரத்தில்தான் குட்டி பெரும்பங்கு வளர்கிறது, அசைவயிற்றில் இடமும் குறைகிறது. வைக்கோலைக் குறைத்து அடர்தீவனத்தை (தவிடு, பிண்ணாக்கு போன்றவை) படிப்படியாக, இரு வேளையாகப் பிரித்துக் கூட்டுங்கள். டானிக் வாங்க வைத்திருந்த பணம் அதற்குச் சரியாக இருக்கும்.