வெளுத்துப்போன குப்பி

அன்புள்ள ஆசிரியருக்கு,

மாக்ஸீன் படலத்தால் மின்காந்த அலைகளைத் தடுப்பது பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். எங்கள் ஆய்வகத்தில் மாக்ஸீனை, அதாவது மிக மெல்லிய டைட்டானியம் கார்பைடு ஏடுகளை, தண்ணீரில் கலந்து குப்பியில் ஊற்றி மேசைமேல் வைத்திருந்தோம். மூன்று வாரத்தில் கருமை போய்ச் சாம்பல் நிறமாகி, அடியில் வெள்ளையாகப் படிந்துவிட்டது. அதை வைத்துச் செய்த படலத்தில் மின்தடை எகிறிவிட்டது. இதை நம்பி உழைக்கலாமா? படலத்தைத் தடிமனாக்கினால் சரியாகுமா?

கவிதா

அன்புள்ள கவிதா,

தாராளமாக நம்பலாம். ஆனால் தடிமன் கூட்டினால் கெடும் நாள் தள்ளிப்போகும், அவ்வளவுதான்.

அந்த வெள்ளை, டைட்டானியம் டை ஆக்ஸைடு. சுவருக்கு அடிக்கும் வெள்ளைப் பெயின்ட்டில் இருப்பதும் அதுதான். உலோகம்போல மின்சாரம் கடத்திய டைட்டானியம் கார்பைடு ஏடுகள் கடத்தாத பொடியாகிவிட்டன, கடத்துதிறன் போனால் தடுப்பும் போச்சு. 2016இல் 45 மைக்ரோமீட்டர் தடிமனுள்ள மாக்ஸீன் படலம் ஒன்று 92 டெசிபல் தடுத்ததாக வந்த செய்தியிலிருந்து எல்லோரும் அந்த எண்ணைத்தான் துரத்துகிறார்கள். 20 டெசிபல் தடுத்தாலே நூறில் ஒரு பங்கு ஆற்றல்தான் அந்தப் பக்கம் போகும். எனக்கு முதல் நாள் எண் முக்கியமில்லை, 85 டிகிரி வெப்பம், 85 சதவீத ஈரப்பதத்தில் ஆயிரம் மணி நேரம் கிடந்த பிறகு என்ன மிஞ்சுகிறது என்பதைச் சொல்லுங்கள்.

பலர் ஆக்ஸிஜனை மட்டும் குறை சொல்வார்கள். தண்ணீரே இதை அரிக்கும், காற்று இல்லாவிட்டாலும். அரிப்பு ஏட்டின் ஓரத்திலும், அணு விடுபட்ட ஓட்டைகளிலும்தான் தொடங்குகிறது, துணி ஓரத்திலிருந்து பிரிவதுபோல. அதனால் ஒலியதிர்வால் ஏடுகளைப் பிரிக்கும் சோனிகேட்டரில் அதிக நேரம் போட்டு ஏடுகளைச் சின்னச் சின்னதாக உடைக்காதீர்கள். சின்ன ஏடு என்றால் ஓரம் அதிகம், ஓரம் அதிகம் என்றால் சீக்கிரம் வெளுக்கும்.

எனக்கு மிகவும் பிடித்த தீர்வு 2021இல் அமெரிக்காவின் டிரெக்ஸல் பல்கலைக்கழகத்திலிருந்து வந்தது. மாக்ஸீனை எதிலிருந்து பிரிக்கிறோமோ அந்த மூலப்பொருளைச் சூளையில் தயாரிக்கும்போதே அலுமினியத்தைத் தேவைக்கு மேல் சேர்த்தார்கள், படிகத்தில் குறை குறைந்தது, அதிலிருந்து எடுத்த மாக்ஸீன் தண்ணீரிலேயே பத்து மாதத்துக்கு மேல் தாங்கியது! மேலே பூசிக் காப்பாற்றுவதைவிடப் பொருளையே ஒழுங்காகப் பிறக்க வைப்பது எவ்வளவு நல்ல வழி, பாருங்கள்.

அது உடனே முடியாதென்றால் கலவையில் சோடியம் அஸ்கார்பேட் சேருங்கள், வைட்டமின் சி-யின் உப்புதான், ஏடுகளோடு ஒட்டிக்கொண்டு அரிப்பை மட்டுப்படுத்தும். பாலிபாஸ்பேட் என்ற பாஸ்பேட் உப்பும் ஓரங்களைக் காக்கிறது. அப்புறம் குப்பியில் காற்றுக்குப் பதில் ஆர்கான் வாயுவை நிரப்பிக் குளிர்பெட்டியில் வையுங்கள். இல்லையென்றால் உடனே படலமாக்கி உலர்த்திவிடுங்கள், உலர்ந்தது கூடுதலாகத் தாங்கும். பிளாஸ்டிக் போன்ற பாலிமரை ஏடுகளுக்கு நடுவே கலந்தால் கடத்துதிறன் குறையும், மேலே மட்டும் பூசினால் அந்தக் கவலை இல்லை. ஆனால் எந்தப் பாலிமரிலும் நீராவி கொஞ்சம் கொஞ்சமாக நுழையும், அதை மட்டுமே நம்பி இருக்காதீர்கள்.

அடுத்த குப்பியில் தயாரித்த தேதியை எழுதி வையுங்கள். படலத்தின் ஒரே இடத்தில் வாரம் ஒருமுறை மின்தடை அளந்து, இரண்டு மாதம் கழித்து அந்த எண்களை எனக்கு அனுப்புங்கள், கட்டாயம் பார்க்கிறேன்.