தாத்தாவோட மெடலை பசங்க கையில குடுங்க

கேள்வி: எங்க தாத்தா ரெண்டாம் உலகப்போர்ல பர்மா பக்கம் சண்டைக்குப் போனவர். அவரோட மெடல் ஒண்ணு ட்ரங்குப் பெட்டியில துணி சுத்திக் கிடக்கு, ஆறு முனை நட்சத்திரம், சிவப்பும் நீலமும் ஆரஞ்சும் கலந்த ரிப்பன். பசங்களுக்கு அவர் கதையைச் சொல்ல உக்காந்தா ரெண்டு நிமிஷத்துல போனை எடுத்துடறாங்க. கறுத்துப் போன மெடலை பளபளன்னு தேச்சு ஃப்ரேம் போட்டு மாட்டினா ஆர்வம் வருமாங்க?

பதில்: தயவுசெஞ்சு தேய்க்காதீங்க! நீங்க சொல்றத வச்சுப் பாத்தா அது பர்மா ஸ்டார், 1941 டிசம்பர்ல இருந்து 1945 செப்டம்பர் வரைக்கும் நடந்த பர்மா சண்டைக்குக் குடுத்தது. அதைத் திருப்பிப் பாருங்க. பிரிட்டிஷ் படைக்காரங்களுக்குக் குடுத்த ஸ்டார்ல பேர் எதுவும் போடல, ஆனா இந்தியப் படையில இருந்தவங்களுக்கு நம்பர், ரேங்க், பேர், ரெஜிமென்ட்னு பின்னாடி சின்ன இங்கிலீஷ் எழுத்துல குத்தியிருப்பாங்க, பாலிஷ் போட்டுத் தேச்சுக்கிட்டே இருந்தா கறுப்போட சேந்து அந்த எழுத்தும் மழுங்கிடும். ஃப்ரேம் போட்டாலும் அந்தப் பக்கம் செவுத்தோட போயிடும்.

அதனால மெடலையும் ஒரு லென்ஸையும் பசங்க கையில குடுத்துட்டு நீங்க பேசாம இருங்க. கொள்ளுத்தாத்தா பேரை அவங்களே எழுத்துக் கூட்டிப் படிச்சதும் கேள்வி தானா வரும், இந்த நம்பர் என்ன, இந்த ரெஜிமென்ட் எங்க இருந்துச்சுன்னு. அப்புறம் மேப்பை விரிச்சு பர்மா எல்லைப் பக்கம் இருக்கற மணிப்பூர் இம்பாலையும் நாகாலாந்து கொஹிமாவையும் காட்டுங்க. 1944ல ஜப்பான் படையைத் தடுத்து நிறுத்தினது அங்கதான். ஆனா தாத்தா கொஹிமாவுல இருந்தாருன்னு நீங்களா சேத்துச் சொல்லிடாதீங்க, அவர் வாயால சொன்னது எது, நாம ஊகிச்சது எதுன்னு பிரிச்சே சொல்லுங்க, ஏன்னா பசங்க நெட்ல தேடி ஒரு இடத்துல தப்பு கண்டுபிடிச்சா முழுக் கதையையும் நம்ப மாட்டாங்க.

கொஞ்சம் பெரிய பசங்கன்னா இன்னொண்ணும் கேப்பாங்க, "தாத்தா வெள்ளைக்காரனுக்காகவா சண்டை போட்டாரு?"ன்னு. மழுப்பாதீங்க. இந்தியப் படையில அப்ப 25 லட்சம் பேர் வரைக்கும் இருந்தாங்க, கட்டாயப்படுத்திச் சேத்தது இல்ல, சம்பளத்துக்காக சேந்தவங்களும் நிறைய. அதே இம்பால் சண்டையில எதிர்ப்பக்கம் நேதாஜியோட ஐ.என்.ஏ., அதாவது இந்திய தேசிய ராணுவம், ஜப்பானோட சேந்து நின்னுச்சு, அந்தப் படைக்கு மலாயாத் தோட்டங்கள்ல இருந்து எத்தனையோ தமிழங்க போயிருக்காங்க. ரெண்டு பக்கமும் நம்ம ஆளுங்க. இதைக் கேட்டா எந்தப் பையனும் போனைக் கீழ வச்சிடுவான்னு நான் நம்பறேன், அவனோட உக்காந்து பேச வேண்டிய விஷயமே இதுதான்.

கேள்வி: பேரப் பசங்க மூணு பேர், மெடல் ஒண்ணு. யார்கிட்ட இருக்கணும்?

பதில்: பத்திரமா, ஈரம் படாம வச்சிக்கறவங்ககிட்ட. மத்த ரெண்டு பேருக்கும் முன்பக்கம் பின்பக்கம் ரெண்டையும் தெளிவா போட்டோ எடுத்துக் குடுங்க, தாத்தாவைப் பத்தி வீட்டுப் பெரியவங்க சொல்றதை அவங்க குரல்லயே ரெக்கார்ட் பண்ணி மூணு பேர்கிட்டயும் ஒரு காப்பி இருக்கட்டும். ரெக்கார்டிங்கை மட்டும் தள்ளிப் போடாதீங்க.