ஏற்காட்டில் புது ஹியூமிடாரில் (சுருட்டை ஈரப்பதம் குறையாமல் காக்கும் பெட்டி) சுருட்டை உடனே வைக்கலாமா?

வேண்டாம். உள்ளே இருக்கும் செடார் பலகை காய்ந்திருக்கும். சுருட்டின் ஈரத்தை உறிஞ்சிவிடும். காய்ச்சி வடித்த நீரில் நனைத்துப் பிழிந்த ஸ்பாஞ்சை ஒரு சின்னத் தட்டில் உள்ளே வைத்து, இரண்டு வாரம் மூடி வையுங்கள். குழாய்த் தண்ணீர் கூடவே கூடாது, உப்புப் படியும்.

அப்புறம் ஈரப்பதம் காட்டும் ஹைக்ரோமீட்டரை நம்பும் முன் சோதியுங்கள். பாட்டில் மூடியில் உப்பு, அது சேறு போலக் குழைய சில சொட்டுத் தண்ணீர். மீட்டரோடு காற்றுப் புகாத டப்பாவில் ஒரு நாள் வைத்தால் 75 சதவீதம் காட்ட வேண்டும்.

பெட்டிக்குள் 65 முதல் 70 சதவீதம் போதும். மூடுபனி இறங்கும் நாட்களில் அடிக்கடி திறக்காதீர்கள், வெள்ளைப் பூஞ்சை பிடிக்கும். சேலத்துக்குக் கொண்டுபோனால் வெயில்தான் கவலை: 25 டிகிரியைத் தாண்டினால் புகையிலை வண்டின் முட்டை பொரியலாம். மேலிலையில் குண்டூசித் துளை தெரிந்தால் அந்தச் சுருட்டை உடனே தனியாக எடுத்துவிடுங்கள்.